லூட் பாக்ஸ்: விலையைச் சொல்லாமல் விற்பது எந்த ஊர் வியாபாரம்?

பழைய கண்ட்ரோலர் எழுதியது:

கேமுக்குள் காசு வாங்குவதைப் பற்றி இங்கே பல இழைகளில் அங்கங்கே சண்டை நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

காசுக்கு ஸ்கின், அதாவது கேமுக்குள் ஆளுக்கும் ஆயுதத்துக்கும் போடும் அலங்காரம், விற்பதில் எனக்குச் சண்டை இல்லை. 2006இல் ஆப்லிவியன் கேமுக்குக் குதிரைக் கவசம் என்று ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். உலகமே சிரித்தது. குதிரைக்கு எதுக்குடா கவசம், அதுவும் காசுக்கு என்று. இன்றைக்கு யோசித்தால் அது எவ்வளவோ யோக்கியமான வியாபாரம். பொருள் இது, விலை இது, வேண்டுமா வேண்டாமா, அவ்வளவுதான்.

என் சண்டை பெட்டியோடு, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸோடு. கவுண்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஆகஸ்ட் அப்டேட்டில் கேஸ் என்ற பெயரில் பெட்டி உள்ளே வந்தது. விளையாடும்போது கேஸ் விழும், திறக்கச் சாவி வாங்க வேண்டும், சாவி 2.49 டாலர். ஸ்கின் எவ்வளவு அரிது என்பதை நிறம் காட்டும். எந்த நிறம் எத்தனை சதவீதம் விழும் என்று வெகுநாள் வரை யாருக்கும் தெரியாது. 2017இல் சீனா, விகிதத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்று விதி போட்ட பிறகுதான் அங்கே கேமை நடத்திய நிறுவனம் வெளியிட்டது. நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, பிங்க் 3.2, சிவப்பு 0.64. எல்லோரும் ஏங்குகிற கத்தி 0.26.

0.26 என்றால் சராசரியாக 385 கேஸுக்கு ஒரு கத்தி. சாவிக்கு மட்டுமே 958 டாலர், நம்மூர்க் கணக்கில் எண்பதாயிரத்துக்கு மேல். சரி, எண்பதாயிரம் செலவழித்தால் கத்தி நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. 385 கேஸ் திறந்த நூறு பேரில் கிட்டத்தட்ட 37 பேருக்கு ஒரு கத்திகூட வந்திருக்காது. ஏற்கனவே எத்தனை திறந்தாய் என்று கேஸ் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

சாவியின் விலை திரையில் இருக்கிறது. கத்தியின் விலை எங்கே இருக்கிறது? சூதாட்டமா இல்லையா என்ற வக்கீல் சண்டைக்கு அப்புறம் வரலாம், எனக்கு இந்தக் கேள்விதான் முதலில்.

ஏடபிள்யூபி ஆறுமுகம் எழுதியது:

அண்ணே, கணக்கெல்லாம் சரிதான். ஆனால் 385 கேஸ் திறக்கச் சொல்லி யார் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? (வைத்தாலும் அது 0.26 சதவீதம்தான்.)

நான் மாதத்துக்கு ஒன்றிரண்டு கேஸ் திறக்கிறேன். அந்தப் பட்டை ஓடி, மெதுவாகி, சிவப்புக்குப் பக்கத்தில் வந்து நீலத்தில் நிற்கும் பாருங்கள், அந்த அஞ்சு நொடிக்குத்தான் காசு. பசங்க எல்லாரும் டிஸ்கார்டில் கத்திக்கொண்டிருப்பார்கள். சினிமா டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசு அது. ஸ்கின்னால் ஒரு புல்லட்கூடக் கூடுதலாகப் பாயாது. பிடிக்கவில்லையென்றால் ஸ்டீம் மார்க்கெட் என்ற ஆன்லைன் சந்தையில் விற்றுவிடலாம். விகிதத்தையும் இப்போது எல்லோருமே தெரிந்துவைத்திருக்கிறோம். இதில் ஏமாற்று எங்கே வந்தது?

பழைய கண்ட்ரோலர் எழுதியது:

தம்பி, விற்கலாம் என்கிறாயே, வம்பே அங்கேதான். விற்க முடிகிற பொருளுக்குப் பண மதிப்பு வந்துவிடுகிறது. பண மதிப்பு வந்ததும் அதை வைத்துச் சூதாட ஒரு கூட்டம் வந்துவிடும். 2016இல் ஸ்கின்னைப் பந்தயம் வைக்கும் தளம் ஒன்றை இரண்டு யூடியூபர்கள் "நான் இங்கே ஜெயித்தேன், பாருங்க" என்று வீடியோ போட்டுப் புகழ்ந்தார்கள். தளமே அவர்களுடையது என்று அப்புறம்தான் வெளியே வந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை போய், 2017இல் சமரசம் ஆனது. பார்த்து ஏமாந்தவர்களில் பாதிக்கு மேல் மீசை முளைக்காத பையன்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

மார்க்கெட் மதிப்பும் உன் கையில் இல்லை. 2025 அக்டோபரில் கவுண்டர் ஸ்டிரைக் கம்பெனியான வால்வ் ஒரு அப்டேட் விட்டது. ஐந்து சிவப்பு ஸ்கின்னைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ வாங்கிக்கொள்ளலாம் என்று. ஒரே நாளில் கத்தி விலை பொலபொலவென்று சரிந்தது, சிவப்பு விலை எகிறியது. கத்தியைச் சொத்து மாதிரி வாங்கி வைத்திருந்தவன் தூங்கி எழுந்து பார்த்தால் பாதி காலி.

ராட்டர்டாம் ரவி எழுதியது:

நான் இருக்கும் நெதர்லாந்தில் கேஸ் திறக்கிற பட்டனே வேலை செய்யாது ஆறுமுகம். பக்கத்து பெல்ஜியத்திலும் அதே கதை. இரண்டு நாட்டின் சூதாட்ட ஆணையங்களும் 2018 ஏப்ரலில் ஒரே சமயத்தில் குரல் கொடுத்தன. அப்புறம் போன பாதைதான் வேறு.

பெல்ஜியம் நேராக அடித்தது. ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர் ஸ்டிரைக் மூன்றிலும் இருக்கும் பெட்டி சூதாட்டம்தான், எடுக்காவிட்டால் 8 லட்சம் யூரோ வரை அபராதம், ஜெயில்கூட உண்டு என்றது. மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். ஃபிஃபா கேம் கம்பெனியான இஏ கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு 2019 ஜனவரிக் கடைசியில், பெட்டி வாங்க உதவும் ஃபிஃபா பாயிண்ட் விற்பதை அங்கே நிறுத்தியது.

நெதர்லாந்தில் ஆணையம் இஏவுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. கீழ்க் கோர்ட்டில் ஆணையம் ஜெயித்தது. 2022 மார்ச்சில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்துவிட்டது. சொன்ன காரணம்தான் வேடிக்கை. பேக் (ஃபிஃபாவில் பெட்டிக்கு அதுதான் பெயர்) திறப்பது தனி ஆட்டம் இல்லையாம், திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தில் அது ஒரு பகுதியாம், பெரும்பாலான பேக் ஆடித்தான் கிடைக்கிறதாம். ஆகவே தனிச் சூதாட்ட உரிமம் தேவையில்லை. பார் வைத்திருக்கிற ஓட்டலில் பெரும்பாலானோர் தோசைதான் சாப்பிடுகிறார்கள், அதனால் பாருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற மாதிரி எனக்குப் பட்டது.

பெல்ஜியத்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். தடை வந்து சில வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சியாளர் அங்கே ஐபோனில் அதிகம் சம்பாதிக்கும் 100 கேம்களை எடுத்துப் பார்த்தார். 82இல் பெட்டி அப்படியே இருந்தது. பெரிய கம்பெனி பயந்து விலகியது, மற்றவர்களை யாரும் கேட்கவில்லை.

நாட்டாமை 404 எழுதியது:

பெட்டி என்று சொல்லாதீர்கள். 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்டபோது இஏவின் அதிகாரி "நாங்கள் இதை லூட் பாக்ஸ் என்று சொல்வதில்லை, சர்ப்ரைஸ் மெக்கானிக்ஸ் என்போம்" என்றார். கிண்டர் சாக்லேட் முட்டையை உதாரணம் வேறு காட்டினார்.

இதே கம்பெனிதான் 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2இல் டார்த் வேடர் என்ற கதாபாத்திரத்தைத் திறக்க, ஆடிச் சேர்க்க வேண்டிய 60,000 கிரெடிட் வைத்தது. முழு விலை கொடுத்து வாங்கின கேமில்! ரெடிட்டில் ஒருவர் புலம்ப, கம்பெனி பக்கமிருந்து பதில் வந்தது: வீரர்களுக்கு ஒரு பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம் என்று. அந்தப் பதிலுக்குக் கிடைத்த, பிடிக்கவில்லை என்று சொல்லும் கீழ்நோக்கிய அம்புக்குறிகள் ஆறரை லட்சத்துக்கும் மேல். கின்னஸ்காரர்கள் சாதனையாகப் பதிவு செய்துகொண்டார்கள். வேடர் 15,000க்கு இறங்கினார். கேம் வெளியாவதற்குச் சற்று முன்பு காசு வாங்கும் வசதியையே அணைத்தார்கள்.

யாராவது திருந்திவிட்டார்களா என்றால், 2021 நிதியாண்டில் பேக் விற்கும் அல்டிமேட் டீம் என்ற ஆட்ட முறை மூலம் மட்டும் அவர்களுக்கு வந்தது 162 கோடி டாலர். நீங்கள் அம்புக்குறியைக் கீழே அழுத்துங்கள் சாமி, வரவு மேலே போய்க்கொண்டிருக்கும்.

கோவை அப்பா எழுதியது:

வணக்கம். நான் கேம் ஆடுகிறவன் இல்லை. தேடிக்கொண்டு வந்தேன். பையன் எட்டாம் வகுப்பு. எல்லோரும் ஆடுகிற ஒரு சண்டை கேம். பெயர் வேண்டாம்.

போன மாதம் என் ஃபோனுக்கு வங்கியிலிருந்து குட்டிக் குட்டியாக எஸ்எம்எஸ் வந்துகொண்டிருந்தது. 29 ரூபாய், 80 ரூபாய், மறுபடி 80. மளிகைக்கடை என்று நினைத்து விட்டுவிட்டேன். மனைவிதான் "நாம எங்கே இத்தனை தடவை கடைக்குப் போனோம்" என்று கேட்டாள்.

அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்னதான் வாங்குகிறாய், காட்டு என்றேன். ஒரு சக்கரம். அதில் பத்துப் பரிசு. வேண்டாத இரண்டை நாமே எடுத்துவிடலாம். மீதி எட்டு. ஒரு முறை சுற்றினால் ஒன்று விழும், விழுந்தது மறுபடி வராது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் டைமண்ட், அதாவது காசு கொடுத்து வாங்கும் கேம் நாணயம், ஏறுகிறது. முதல் சுற்று சாக்லேட் காசு. கடைசிச் சுற்றுக்கு வரும்போது முதல் சுற்றைப் போல ஐம்பது மடங்கு இருக்கும். அவனுக்கு வேண்டிய சிவப்புக் கோட்டு நடுவில் ஜொலித்துக்கொண்டே நிற்கிறது, விழவே மாட்டேன் என்கிறது.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் கண் கலங்க, "அப்பா, இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கி. இப்ப விட்டா போட்டதெல்லாம் வேஸ்ட்" என்றான். போன காசு பெரிய தொகை இல்லை. ஆனால் இந்த வசனத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன். என் பெரியப்பா சீட்டாட்டத்திலிருந்து எழுந்து வர மறுக்கும்போது அச்சு அசலாக இதைத்தான் சொல்வார். இவனுக்குப் பதிமூன்று வயது.

இதை எப்படி நிறுத்துவது? ஃபோனைப் பிடுங்கு என்று சொல்லாதீர்கள், ஆன்லைன் டியூஷனும் அதில்தான்.

ஸ்ப்ரைட் ஷீட் எழுதியது:

சார், உங்கள் கேள்விக்குக் கீழே யாராவது வழி சொல்வார்கள், இல்லாவிட்டால் நானே சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் மொபைல் கேம் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவன். அடிக்க வருவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

இலவச கேம் ஆடுகிறவர்களில் பெரும்பான்மையோர் ஒரு பைசா தருவதில்லை. ஒரு சின்னக் கூட்டம் எப்போதாவது தரும். அதற்குள்ளே இன்னும் சின்னக் கூட்டம்தான் வருமானத்தின் பெரும்பகுதி. எங்கள் தொழிலில் அவர்களுக்குத் திமிங்கலம் என்று பெயர். சர்வர் செலவும், என் சம்பளமும், ஆறுமுகம் தம்பி மாதிரி மாதம் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறவரால் வருவதில்லை. அந்தத் திமிங்கலத்துக்கு உண்மையிலேயே காசு இருக்கிறதா, இல்லை அவர் கடன் அட்டையைத் தேய்க்கிறாரா என்று டாஷ்போர்டில் தெரியாது. ஒரு எண் மட்டும் தெரியும். 2018இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை வைத்து வந்த ஒரு ஆய்வு, சூதாட்டப் பிரச்சினை அதிகம் உள்ளவர்கள் பெட்டிக்கும் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று காட்டியது. எது எதனால் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் திமிங்கலம் என்றால் பணக்காரர்தான் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதலில் ஓட்டை விழுந்துவிட்டது.

உங்கள் பையன் முதலில் கொடுத்த 29 ரூபாய் இருக்கிறதே, அது லாபத்துக்காக வைத்த விலை இல்லை. முதல் முறை காசு கொடுக்க வைப்பதுதான் கஷ்டம். ஒரு தடவை தாண்டிவிட்டால் அடுத்த தடவை கை கூசாது. அதனால்தான் முதல் ஆஃபர் எப்போதும் அடிமாட்டு விலை.

அடுத்தது டைமண்ட், யூசி, கிரிஸ்டல் என்று கேமுக்குக் கேம் தனி கரன்சி எல்லாம் எதற்கு? ரூபாயிலேயே விற்கலாமே? கென்ஷின் இம்பாக்ட்டை எடுத்துக்கொள்கிறேன், அதை நானே ஆடுகிறேன். காசு கொடுத்தால் ஜெனிசிஸ் கிரிஸ்டல். அதை மாற்றினால் பிரைமோஜெம். 160 பிரைமோஜெம்முக்கு ஒரு ஃபேட். ஒரு ஃபேட்டுக்கு ஒரு விஷ், அதாவது ஒரு குலுக்கல். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் வர 0.6 சதவீதம். 90ஆவது விஷ்ஷில் கட்டாயம் ஒன்று வரும், இதைத்தான் பிட்டி என்கிறோம். ஆனால் வருவது நீங்கள் கேட்ட ஆளா என்றால் ஏறத்தாழப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால் இன்னொரு 90. ஆக மோசமான பட்சத்தில் 180 விஷ், 28,800 பிரைமோஜெம். 99.99 டாலர் பேக்கில் போனஸோடு 8,080 கிடைக்கும். நாலு பேக் வேண்டும், 400 டாலர். இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது பாருங்கள், கேமில் எங்கேயும் 400 டாலர் என்ற எண் கிடையாது. பழைய கண்ட்ரோலர் அண்ணன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். விலை இல்லாமல் இல்லை. மூன்று கரன்சிக்குப் பின்னால் இருக்கிறது.

எங்கள் தரப்புக்கும் ஒரு வார்த்தை. பிட்டி என்பது ஆட்டக்காரனைக் காப்பாற்ற வந்தது. ஜப்பானில் 2016 வாக்கில் கிரான்ப்ளூ ஃபேன்டசியில் ஒரு கதாபாத்திரத்துக்காக ஒருவர் நேரலையில் ஏழு லட்சம் யென்னை நெருங்கும் அளவுக்கு விட்டார். பெரிய ரகளையான பிறகு 300 முறை இழுத்தால் வேண்டியதை எடுத்துக்கொள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இன்றைக்குப் பல காச்சா கேம்களில், அதாவது இப்படிக் குலுக்கிக் கதாபாத்திரம் எடுக்கும் கேம்களில், ஏதாவது ஒரு வரம்பு இருக்கிறது. இதே பிட்டிதான் "எழுபது போட்டுவிட்டோம், இன்னும் இருபதுதானே" என்று இழுக்கவும் செய்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஏடபிள்யூபி ஆறுமுகம் எழுதியது:

சின்னப் பசங்க விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்பா சார் சொன்னது கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் பதினெட்டு தாண்டினவனை ஏன் தடுக்க வேண்டும்? சின்ன வயதில் நீங்கள் யாரும் பெட்டிக்கடையில் லக்கி பிரைஸ் அட்டை கிழித்ததே இல்லையா? நாலணா கொடுத்துச் சீட்டைப் பிய்த்து, வாட்ச் விழும் என்று பார்த்து, புளிப்பு மிட்டாய் வாங்கிக்கொண்டு போனவர்கள்தானே எல்லோரும்? விகிதத்தை வெளியிட்டால் போதும் என்பது என் கட்சி. ஆப்பிள்கூட 2017 கடைசியிலேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

சுவோன் செல்வி எழுதியது:

ஆறுமுகம் தம்பி, லக்கி பிரைஸ் அட்டையில் இன்னும் எத்தனை சீட்டு பாக்கி என்று உன் கண்ணுக்குத் தெரியும். வாட்ச் அட்டையிலேயே தொங்கும், விழுந்துவிட்டால் இருக்காது. ஆனாலும் எங்கள் தெருக் கடைக்காரர் வாட்ச் நம்பர் சீட்டை முதலிலேயே பிய்த்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார் என்று எங்களுக்கெல்லாம் சந்தேகம் உண்டு. கொரியாவில் அந்தச் சந்தேகம் நிஜமானது.

நான் சில வருடம் அங்கே இருந்தேன், ஆபீஸில் பாதிப் பேர் மேப்பிள் ஸ்டோரி ஆடினவர்கள். நெக்ஸான் கம்பெனியின் கேம். 2010இல் அதில் க்யூப் என்று ஒன்றைக் காசுக்கு விட்டார்கள். உங்கள் ஆயுதத்தில் மூன்று வரி சக்தி இருக்கும், க்யூப் போட்டால் மூன்றும் குலுங்கி மாறும். பெரிய பாஸை, அதாவது பெரிய வில்லனை, அடிக்கும் சக்தி மூன்று வரியிலும் வந்தால் அதுதான் உச்சம். அந்த மூன்றுக்காக ஜனங்கள் வருடக்கணக்கில் க்யூப் வாங்கினார்கள்.

முதலில் எல்லாச் சக்திக்கும் சம வாய்ப்பு. சில மாதத்திலேயே, ஆட்கள் விரும்பும் சக்தி குறைவாக விழும்படி மாற்றினார்கள், சொல்லவில்லை. 2011 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போய், சில நல்ல சக்திகள் ஒன்றோடொன்று சேர்ந்து வராதபடியே செய்துவிட்டார்கள். குறைவு இல்லை தம்பி, பூஜ்ஜியம். சந்தேகப்பட்டுக் கேட்டவர்களுக்கு க்யூப்பில் எந்த மாற்றமும் இல்லை என்று அறிவிப்பும் போட்டார்கள். 2013இல் வந்த பிளாக் க்யூப்பில் தரம் உயரும் வாய்ப்பு 1.8 சதவீதமாக இருந்தது, சத்தமில்லாமல் 1 சதவீதம் வரை இறங்கியது.

2021இல்தான் எல்லாம் வெளியே வந்தது. மூன்று வரியும் பாஸ் சக்தி வரவே வராது என்று மார்ச்சில் கம்பெனி சொன்னபோது பத்து வருடம் ஆகியிருந்தது. ஆட்டக்காரர்கள் சந்தா போட்டு, எல்இடி பலகை வைத்த லாரியை வாடகைக்கு எடுத்து, கேம் கம்பெனி வாசல்களில் நிறுத்தினார்கள். லாரி ஆர்ப்பாட்டம் என்றே அதற்குப் பெயர். கோஷம் கிடையாது, ஆள் கிடையாது, பலகையில் எழுத்து மட்டும் ஓடும். லஞ்சுக்குப் போகிற ஊழியர்கள் எல்லோரும் படித்துக்கொண்டே போக வேண்டும். 2024 ஜனவரியில் அந்த நாட்டு நியாய வர்த்தக ஆணையம் நெக்ஸானுக்கு சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அதே வருடம் மார்ச் 22 முதல் விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

விகிதத்தை வெளியிட்டால் போதும் என்கிறாய். வெளியிட்டது உண்மைதானா என்று உள்ளே புகுந்து பார்க்க ஒரு அதிகாரி வேண்டாமா?

ஏடபிள்யூபி ஆறுமுகம் எழுதியது:

பூஜ்ஜியம் என்பது எனக்குப் புதுச் செய்தி அக்கா. அது பச்சை மோசடி, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கேஸ் திறப்பதைத் தடை செய்யக் கூடாது என்பதில் மட்டும் நிற்கிறேன்.

கருப்பு கோட்டு எழுதியது:

சட்டப் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். இது ஆலோசனை இல்லை, அரட்டை.

தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரிக்குத் தடை. 2022இல் சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதன் கீழ் வந்த விதிகள் காசு வைத்து ஆடும் கேமுக்குப் பதினெட்டு வயது, ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூடல் என்று வைத்தன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ஏற்றது. ஆனால் இதெல்லாம் ரம்மி, போக்கரை மனதில் வைத்துச் செய்தது. பையன் சுற்றின சக்கரத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. காசு கட்டி, ஜெயித்தால் பணமோ வேறு ஆதாயமோ வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவது, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும், பண விளையாட்டு என்று தடை. ட்ரீம் 11 ஒரே வாரத்தில் காசு போட்டியை நிறுத்தியது. லூட் பாக்ஸ் என்ற பெயர் அதிலும் இல்லை. ஆனால் பந்தயப் பொருள் என்பதற்குள் காயின், டோக்கன் மாதிரியானவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். விற்றுக் காசாக்க முடிகிற ஸ்கின் அதற்குள் வருமா என்று ஒரு வக்கீல் கோர்ட்டில் நன்றாகவே வாதாடலாம். விற்கவே முடியாத சிவப்புக் கோட்டு வருவது சந்தேகம்தான். விசித்திரம் என்னவென்றால், அந்தப் பையன் அழுதது விற்க முடியாத கோட்டுக்காக.

வெளிநாட்டில் இப்போது காற்று குழந்தைகள் பக்கம் வீசுகிறது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரிலிருந்து காசுக்குப் பெட்டி விற்கும் புது கேமுக்குக் குறைந்தபட்சம் எம் தரச்சான்று, அதாவது பதினைந்து வயதுக்குக் கீழே பரிந்துரைக்காத வகை, என்றது. பிரேசில் 2025இல் சிறுவர்களுக்குப் பெட்டி கூடாது என்று சட்டமே போட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் கென்ஷின் கம்பெனியிடம் 2 கோடி டாலர் வாங்கியது. பதினாறு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதமில்லாமல் பெட்டி விற்கக் கூடாது, கரன்சி மாற்று விகிதத்தைச் சொல்ல வேண்டும், பெட்டியை நேரடியாக நிஜக் காசுக்கு வாங்கும் வழியும் தர வேண்டும் என்பது நிபந்தனை.

பழைய கண்ட்ரோலர் எழுதியது:

அந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு வேண்டியது. இன்னும் ஒரு படி மேலே கேட்பேன். சுற்று என்ற பட்டனுக்குப் பக்கத்திலேயே "இந்தப் பொருள் கையில் கிடைக்க அதிகபட்சம் ஆகும் தொகை: இத்தனை ரூபாய்" என்று போட வேண்டும். டைமண்டில் இல்லை, ரூபாயில். உச்சவரம்பே இல்லாத பெட்டியென்றால் "வரம்பு இல்லை" என்று போடட்டும். பத்து வகைச் சட்டம் வேண்டாம், இந்த ஒரு வரி போதும். ஆறுமுகம் தன் கேஸைத் திறந்துகொள்ளட்டும்.

ஸ்ப்ரைட் ஷீட் எழுதியது:

அண்ணே, அந்த வரியைப் போட்டால் பட்டனை யார் அழுத்துவார்கள்?

பழைய கண்ட்ரோலர் எழுதியது:

கேள்வியை நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

ஸ்ப்ரைட் ஷீட் எழுதியது:

நியாயம். ஆனால் பெட்டி இல்லாவிட்டால் கம்பெனி செத்துவிடும் என்பதும் உண்மையில்லை என்று நானே சொல்கிறேன். ராக்கெட் லீக் 2019 டிசம்பரில் பெட்டியை எடுத்துவிட்டது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் கடையில் ஒவ்வொன்றுக்கும் விலை ஒட்டியிருக்கிறது. வால்வ்கூட 2025 செப்டம்பரில் டெர்மினல் என்று ஒன்றை விட்டது. திறந்தால் ஸ்கின்னைக் காட்டி இவ்வளவு விலை, வேண்டுமா என்று கேட்கும், வேண்டாமென்றால் அடுத்ததைக் காட்டும், ஐந்து வாய்ப்பு. அதிர்ஷ்டம் இன்னும் இருக்கிறது, ஆனால் காசு போவதற்கு முன் பொருள் கண்ணில் படுகிறது. ஒரு சீசனுக்கு ஒரே விலை கட்டும் பேட்டில் பாஸும் இருக்கிறது. அந்தப் பாஸிலும் "சீசன் முடிய மூணு நாள்தான்" என்ற மிரட்டல் உண்டு, அது வேறு இழைக்குப் போதுமான கதை.

அப்பா சார், உங்கள் விஷயம். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வைக்கலாம், முதலில் அதைச் செய்யுங்கள். உங்கள் யுபிஐ, கார்டு இரண்டையும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபேமிலி லிங்க் போட்டால் அவன் வாங்கப் போகும்போது உங்கள் ஃபோனில் அனுமதி கேட்கும். புது கேம் இறக்கும் முன் வயதுச் சான்றுக்குப் பக்கத்தில் தற்செயல் பொருட்கள் உண்டு என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். பணம் திரும்பக் கேட்டு கூகுளுக்கு எழுதுங்கள், நாள் தள்ளாதீர்கள், நாள் ஆக ஆகக் கிடைப்பது கஷ்டம்.

கருப்பு கோட்டு எழுதியது:

எழுதும்போது வாங்கியது பதினெட்டு வயது நிரம்பாத பையன் என்று தெளிவாகச் சொல்லுங்கள் சார். மைனர் செய்த ஒப்பந்தம் இந்தியாவில் செல்லாது.

கோவை அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சரிபார்ப்பு வைத்துவிட்டேன், கார்டையும் எடுத்துவிட்டேன். பணம் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

நேற்று பழைய கண்ட்ரோலர் சார் சொன்னதையே செய்து பார்த்தேன். ஒரு பேப்பரைக் கொடுத்து, அந்தச் சக்கரத்தில் முதல் சுற்றிலிருந்து எட்டாவது வரை எல்லா டைமண்டையும் கூட்டு, ரூபாயாக மாற்று என்றேன். கணக்கில் கெட்டிக்காரன், ரெண்டு நிமிஷத்தில் போட்டுவிட்டான். தொகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், "ஆனா அப்பா, யாருக்கும் கடைசிச் சுத்து வரைக்கும் போகாது" என்றான்.

ஸ்ப்ரைட் ஷீட் எழுதியது:

சார், படித்து முடித்ததும் பையனை எங்கள் மார்க்கெட்டிங் டீமுக்கு அனுப்புங்கள். இன்டர்வியூகூட வேண்டாம்.